வீட்டு இணைய நிறுவனம் நம் உலாவல் விவரத்தை விற்கிறது: விபிஎன் வாங்கினால் முடிந்ததா?

கீழ்வானம் (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டு இணைய நிறுவனத்திடமிருந்து "தனியுரிமைக் கொள்கையைப் புதுப்பித்திருக்கிறோம்" என்று ஒரு மின்னஞ்சல். வழக்கமாகத் திறக்காமலே அழித்துவிடுவேன். அன்றைக்கு என்னவோ உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பாதி தாண்டியதும் ஒரு வரி: சேவையை மேம்படுத்தவும் பொருத்தமான சலுகைகளை வழங்கவும் "பயன்பாட்டுத் தரவை" எங்கள் "கூட்டாளிகளுடன்" பகிரலாம். யார் கூட்டாளி, எந்தத் தரவு, ஒரு விவரமும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு போன் செய்து கேட்டேன். பேசிய பெண், பாவம், "மேடம், உங்க ஸ்பீடுல ஏதாவது பிரச்சினையா?" என்று மூன்று முறை கேட்டார்.

அம்மாவின் உடல்நிலைக்காக ஆறு மாதமாக ராத்திரி கண்விழித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். அது எவனோ ஒரு விளம்பரக்காரனுடைய பட்டியலில் ஏறுவதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறவும் வழியில்லை; எங்கள் கட்டடத்துக்கு இந்த ஒரு கேபிள்தான் வருகிறது. விபிஎன் (நம் போக்குவரத்தை மறையாக்கம் செய்து வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) வாங்கிப் போட்டால் போதும் என்கிறான் தம்பி. போதுமா?

இரட்டைப்பூட்டு (பதிவு 2)

தம்பி சொன்னது சரி. நல்ல விபிஎன் ஒன்று வாங்கி, எப்போதும் ஆன்ல வைங்க. கதை முடிந்தது.

சுண்டெலி (பதிவு 3)

விற்றால் விற்கட்டுமே. என் உலாவல் வரலாற்றை வாங்குகிறவனுக்கு கிரிக்கெட் ஸ்கோரும் பழைய பாட்டு வரிகளும்தான் கிடைக்கும். நஷ்டம் அவனுக்கு.

பழைய_மோடம் (பதிவு 4)

இரட்டைப்பூட்டு, கதை இன்னும் தொடங்கவே இல்லை.

கீழ்வானம் அம்மா, பூட்டு வாங்குவதற்கு முன் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது தளத்துக்கும் உங்களுக்கும் நடுவே போவது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதனால் ஒரு தளத்துக்குள் நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள், தேடுபெட்டியில் என்ன தட்டினீர்கள் என்பது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியாது. தெரிவது வேறு.

முதலாவது டிஎன்எஸ். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் "இந்தப் பெயருக்கு ஐபி எண் (இணையத்தில் அதன் முகவரி) என்ன?" என்று கணினி ஒரு கேள்வி அனுப்புகிறது. வழக்கமாக அந்தக் கேள்வி மறையாக்கம் ஏதும் இல்லாமல் போகும், போய்ச் சேர்வதும் உங்கள் நிறுவனத்தின் சர்வருக்கே. அவர்கள் ஒட்டுக்கேட்கக்கூட வேண்டாம், நாமே வாசலில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம்.

இரண்டாவது, எச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும் அந்த முதல் நொடி. எந்தத் தளத்துக்கு வந்திருக்கிறோம் என்று உலாவி சொல்லும் பெயர் அதில் வெளிப்படையாகப் போகிறது. எஸ்என்ஐ என்பார்கள். எச்டிடிபிஎஸ்ஸின் அடியில் இருக்கும் மறையாக்க நெறிமுறையின் 2018 பதிப்பான டிஎல்எஸ் 1.3 சர்வரின் சான்றிதழைக்கூட மறைத்தது, இதை மட்டும் விட்டுவிட்டது. இதை மறைக்க ஈசிஎச் என்று ஒன்று வந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் 2023-ல் சேர்ந்தது. ஆனால் எதிர்முனையில் இருக்கும் தளமும் ஆதரிக்க வேண்டும்.

மூன்றாவது, ஐபி எண், நேரம், அளவு. ராத்திரி 2 மணிக்கு எந்த முகவரியோடு எத்தனை மெகாபைட் பேசினீர்கள் என்பது.

இந்த மூன்றை வைத்தே நிறைய ஊகிக்கலாம். ஒரு நோயின் பெயரிலேயே இயங்கும் தளம், அடுத்து ஒரு மருத்துவமனைத் தளம், அடுத்து ஒரு மருந்துக்கடைத் தளம், ஒரே இரவில். எந்தப் பக்கம் படித்தீர்கள் என்று எவனும் கேட்கப்போவதில்லை.

சுண்டெலி (பதிவு 5)

எச்டிடிபிஎஸ் என்றாலே எல்லோரும் எடுத்துவிடும் அந்தத் தபால் உறை உவமையைச் சொல்லாமல் முடித்ததற்கு முதலில் நன்றி ஐயா.

ஆனால் கூகுளுக்கும் முகநூலுக்கும் நாமே அள்ளிக் கொடுக்கிறோமே. இவன் ஒருவன் எடுப்பதில் என்ன புதிதாகக் குடிமுழுகிவிடும்?

கணக்குப்பிள்ளை (பதிவு 6)

கூகுளிலிருந்து லாக்-அவுட் செய்யலாம், வேறு தேடுபொறிக்குப் போகலாம். வீட்டுக் கேபிளிலிருந்து எப்படி லாக்-அவுட் செய்வீர்கள்? இவனிடம் உங்கள் பெயர், வீட்டு முகவரி, பணம் கட்டும் கணக்கு எல்லாமே இருக்கிறது. வீட்டில் இருக்கும் அத்தனை பேருடைய எல்லாப் போக்குவரத்தும் இவன் வழியாகத்தான். அதற்கு மாதாமாதம் காசும் நாமே கட்டுகிறோம்.

இது வீண்பயம் என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. பிரிட்டனில் பிடி என்ற இணைய நிறுவனம் 2006, 2007-ல் ஃபோர்ம் என்ற விளம்பரத் தொழில்நுட்பத்தைத் தன் வாடிக்கையாளர்கள்மீது அவர்களுக்கே சொல்லாமல் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவில் வெரைசான் தன் மொபைல் வாடிக்கையாளர்களின் எச்டிடிபி போக்குவரத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண்ணைச் செருகி அனுப்பியது. தளங்கள் நம்மை அடையாளம் காண உலாவியில் வைக்கும் குக்கியை அழித்தாலும் அது அழியாது. "சூப்பர்குக்கி" என்று பெயரே வந்துவிட்டது. 2016-ல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 13.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஏடி&டி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது: தன் ஃபைபர் இணைப்பில், உலாவலைப் பார்த்து விளம்பரம் காட்ட விட்டால் ஒரு விலை, வேண்டாம் என்றால் மாதம் 29 டாலர் கூடுதல். அதை 2016-ல்தான் நிறுத்தினார்கள்.

அதே 2016 அக்டோபரில், வாடிக்கையாளர் சம்மதம் சொன்னால்தான் உலாவல் வரலாற்றைப் பயன்படுத்தலாம் என்று எஃப்சிசி விதி கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் செனட் 50-48 என்றும், பிரதிநிதிகள் சபை 215-205 என்றும் வாக்களித்து அதை ரத்து செய்தன. ஏப்ரல் 3-ல் அதிபர் கையெழுத்து. விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது.

கீழ்வானம் மேடம், உங்கள் கொள்கையில் "விற்க மாட்டோம்" என்றும் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

கீழ்வானம் (பதிவு 7)

இருக்கிறது சார்! "உங்கள் தனிப்பட்ட தகவலை நாங்கள் விற்பதில்லை." தடித்த எழுத்தில். அதைப் படித்துத்தான் முதலில் நிம்மதியாக இருந்தேன்.

கணக்குப்பிள்ளை (பதிவு 8)

நினைத்தேன். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி ஆறு பெரிய இணைய நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதில் முக்கியமான விஷயமே இந்த வார்த்தைதான். "விற்க மாட்டோம்" என்று உறுதி சொன்ன பல நிறுவனங்கள், அதே தரவை மற்றவர்கள் பயன்படுத்தவும் அதை வைத்துப் பணம் பண்ணவும் வேறு வழிகளில் அனுமதித்திருந்தன. பட்டியலைத் தூக்கிக் கையில் கொடுத்துக் காசு வாங்கினால்தான் அது விற்பனை. "இந்த நோய்பற்றித் தேடும் வீடுகளுக்கு உன் விளம்பரத்தை நான் காட்டுகிறேன்" என்று காசு வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. இனம், பாலியல் நாட்டம் போன்றவற்றை வைத்து வாடிக்கையாளர்களைப் பிரித்து வைத்திருந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது.

ஆகவே கொள்கையில் "விற்பனை" என்ற சொல்லைத் தேடாதீர்கள். "கூட்டாளி", "இணை நிறுவனம்", "தொகுக்கப்பட்ட", "பொருத்தமான" ஆகிய நான்கையும் தேடுங்கள். என் அனுபவத்தில் விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரட்டைப்பூட்டு (பதிவு 9)

இவ்வளவு கதைக்கும் பதில் நான் சொன்ன விபிஎன்தானே? டிஎன்எஸ், எஸ்என்ஐ, ஐபி மூன்றும் ஒரே அடியில் மறைந்துவிடும். நிறுவனத்துக்கு ஒரே ஒரு சர்வரோடு பேசுவது மட்டும் தெரியும்.

பழைய_மோடம் (பதிவு 10)

மறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் மறைந்து எங்கே போகிறது? இதுவரை கேபிள்காரன் பார்த்த அத்தனையும் இனி விபிஎன்காரன் கண்ணுக்கு. பார்க்கிற ஆள் மாறினானே ஒழிய, பார்ப்பது நிற்கவில்லை. கேபிள்காரனுக்காவது ஓர் அலுவலகம், ஓர் உரிமம், கேள்வி கேட்க ஓர் ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. விபிஎன் கம்பெனி எந்தத் தீவில் பதிவாகியிருக்கிறது என்பதே பாதி பேருக்குத் தெரியாது.

ஓனாவோ ஞாபகம் இருக்கிறதா? இலவச விபிஎன். 2013-ல் முகநூல் வாங்கியது. மக்கள் வேறு எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் அது உதவியது. 2018-ல் ஆப்பிள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அதன் செயலிக் கடையிலிருந்து எடுத்தார்கள். பாதுகாப்பு விற்ற இன்னொரு கம்பெனி அவாஸ்ட். ஆன்டிவைரஸ், உலாவி நீட்சி வழியாகத் திரட்டிய உலாவல் விவரத்தைத் தன் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட் மூலம் விற்றதற்காக 2024-ல் எஃப்டிசி கேட்டது 1.65 கோடி டாலர். இலவச விபிஎன் என்று எவனாவது நீட்டினால் கையைக்கூட நீட்டாதீர்கள்.

இரட்டைப்பூட்டு (பதிவு 11)

நான் இலவசத்தைச் சொல்லவே இல்லையே ஐயா. வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்து அறிக்கை போடுகிற, மின்னஞ்சல்கூடக் கேட்காத கட்டணச் சேவைகள் இருக்கின்றன. என் கேபிள்காரன் என் தரவைப் பகிர்வேன் என்று எழுதியே கொடுத்துவிட்டான். விபிஎன்காரன் பதிவே வைப்பதில்லை என்கிறான். ஒருவன் திருடன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான், இன்னொருவன் திருடனாக இருக்கலாம். நான் இரண்டாமவனைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பழைய_மோடம் (பதிவு 12)

இது நியாயமான வாதம். ஏற்றுக்கொள்கிறேன். எழுதியே கொடுத்துவிட்ட நிறுவனத்திடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு விபிஎன் சரிதான். சில நுணுக்கங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயர்கார்ட் என்ற புதிய விபிஎன் நெறிமுறை இருக்கிற சேவையாகப் பாருங்கள். 2020-லிருந்து லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, நிரல் சிறியது, வேகம் நன்றாக இருக்கும். இணைப்பு அறுந்தால் போக்குவரத்தை மொத்தமாக நிறுத்தும் கில் ஸ்விட்ச்சை ஆன் செய்யுங்கள். வீட்டில் புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6 இருந்து விபிஎன் பழைய ஐபிவி4-ஐ மட்டும் சுமந்தால், பாதிப் போக்குவரத்து பழைய வழியிலேயே வெளியே போய்க்கொண்டிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு, வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னதும் சில விபிஎன் கம்பெனிகள் அங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன.

வங்கித் தளங்கள் சில நேரம் விபிஎன் ஐபியைப் பார்த்து மிரளும். அது தொல்லைதான், ஆபத்தில்லை.

தும்பி (பதிவு 13)

வேற ஐடியா. பின்னணியில சும்மா கண்ட கண்ட தளங்களைத் திறந்துக்கிட்டே இருக்கிற ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டேன். அவனுங்க டேட்டாவையே குப்பையாக்கிடலாம். வேணும்னா கோடு போடுறேன்.

பழைய_மோடம் (பதிவு 14)

தம்பி, 2017-ல் அந்த விதி ரத்தானபோது இதே யோசனையோடு பத்துப் பேர் கிளம்பினார்கள். குப்பையில் ஒழுங்கு இருக்கும். உன் ஸ்கிரிப்ட் திறக்கும் தளத்தில் மனிதன் மாதிரி நின்று படிக்காது, திரும்ப வராது, தூங்கப் போகாது. வடிகட்ட ஒரு மதியம் போதும். வடிகட்டாமல் விட்டாலும், கீழ்வானம் தேடிய நோயின் பெயர் பட்டியலில் அப்படியேதான் இருக்கும். கூட நாற்பது பொய்கள் சேரும். நாளைக்கு அந்த நாற்பதில் ஒன்று உன் பெயரில் நிற்கும். அதுவும் சேர்ந்து விற்பனைக்குத்தான்.

தும்பி (பதிவு 15)

ஓ. அந்த நாற்பதை நான் யோசிக்கல அண்ணே.

அலைவரிசை (பதிவு 16)

எல்லோரும் கம்பிக்கு வெளியே பார்க்கிறீர்கள். வீட்டுக்குள் இருக்கும் பெட்டி யாருடையது? நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் டிஆர்-069 என்ற தொலைமேலாண்மை வழக்கமாக ஆன்ல இருக்கும். அவர்கள் அங்கிருந்தே அமைப்புகளை மாற்றலாம், மென்பொருளை மாற்றலாம். அவர்களுடைய செயலியைத் திறந்து "இணைந்த சாதனங்கள்" பட்டியலைப் பாருங்கள். "அம்மா டேப்", "ஹால் டிவி" என்று நீங்கள் வைத்த பெயர்களே வரிசையாக நிற்கும். யார் எப்போது வீட்டுக்கு வந்தார் என்று போன் வைஃபையில் சேரும் நேரமே சொல்லிவிடும். இதற்கு டிஎன்எஸ் தேவையில்லை, விபிஎன் தடுக்காது.

இந்தப் பெட்டி தாக்குதலுக்கும் வாசல். 2016 நவம்பரில் மிராய் வகை மால்வேர் (தீய மென்பொருள்) தொலைமேலாண்மைக்கான 7547 என்ற போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலைத் தட்டியபோது, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்கள் படுத்துவிட்டன.

அதனால் சொந்தமாக ஒரு ரவுட்டர். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடியதாக வாங்கினால் உத்தமம். நிறுவனப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லுங்கள். மறுத்தால் அதன் பின்னால் உங்கள் ரவுட்டரைச் செருகி, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இரண்டு பெட்டியும் முகவரியை மாற்றி அனுப்பும் இரண்டடுக்கு நாட் வரும், ஆன்லைன் கேம் ஆடுபவர்கள் கொஞ்சம் முனகுவார்கள்.

கீழ்வானம் (பதிவு 17)

அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். "அம்மா டேப்" என்றே இருக்கிறது. நீங்கள் எப்படி அதே பெயரைச் சொன்னீர்கள்??

சரி, படிப்படியாகப் போகிறேன். முதலில் டிஎன்எஸ். ரவுட்டரில் 9.9.9.9 (குவாட்9 என்ற வெளி டிஎன்எஸ் சேவை) என்று போட்டுவிட்டேன். இது போதுமா?

பழைய_மோடம் (பதிவு 18)

போதாது. வேறு சர்வரைக் கேட்டாலும் கேள்வி இன்னும் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது, அவர்கள் கம்பி வழியாகத்தான். சில நிறுவனங்கள் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டில் போகும் கேள்வியை வழிமறித்துத் தாங்களே பதில் சொல்லி அனுப்பும். நீங்கள் 9.9.9.9 பேசியது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வேலை. 192.0.2.1 என்ற முகவரி ஆவண உதாரணங்களுக்காக ஒதுக்கப்பட்டது, அங்கே எந்த சர்வரும் இல்லை. கணினியில் டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் என்எஸ்லுக்அப் கட்டளையில் ஏதாவது ஒரு தளத்தின் பெயர் கொடுத்து, அடுத்து இந்த எண்ணைக் கொடுங்கள். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால் நல்லது. ஆளில்லாத வீட்டிலிருந்து பதில் வந்தால், நடுவில் எவனோ நின்று பேசுகிறான்.

கீழ்வானம் (பதிவு 19)

பதில் வந்துவிட்டது ஐயா. உடனே. சரியான ஐபி எண்ணோடு.

பழைய_மோடம் (பதிவு 20)

அப்படியானால் உங்களுக்கு டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி அனுப்பும் டிஓடி அல்லது டிஓஎச்தான் வழி. முதலாவது 853-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு போகும், இரண்டாவது சாதாரண எச்டிடிபிஎஸ் போலவே 443-இல். தடுப்பவனுக்கு முதலாவதைத் தடுப்பது சுலபம், இரண்டாவதைப் பிரித்தறிவதே கஷ்டம்.

ஃபயர்ஃபாக்ஸில் தனியுரிமைப் பகுதியில் மேக்ஸ் புரொடெக்ஷன் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழான நிலைகளில், டிஓஎச் வேலை செய்யாவிட்டால் சத்தமில்லாமல் பழைய டிஎன்எஸ்ஸுக்கே திரும்பிவிடும். ஆண்ட்ராய்ட் 9-லிருந்து "பிரைவேட் டிஎன்எஸ்" இருக்கிறது. நிறைய பேர் அதை "ஆட்டோமேட்டிக்"கில் பார்த்துவிட்டு நிம்மதியாகி விடுகிறார்கள். அது உங்கள் நிறுவனத்தின் சர்வரிடமே, முடிந்தால் மறையாக்கத்தோடு, பேசும். பேசுவது அவர்களிடமேதானே! கடைசித் தேர்வில் வெளிச் சேவை ஒன்றின் பெயரை நீங்களே தட்ட வேண்டும்.

குவாட்9, கிளவுட்ஃப்ளேர், இன்னும் பலர் இருக்கிறார்கள். இவர்களும் பார்ப்பார்கள்தான், விபிஎன்னுக்குச் சொன்ன அதே கதை. ஆனால் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் இவர்களிடம் இல்லை.

அலைவரிசை (பதிவு 21)

சொந்த ரவுட்டர் வந்ததும் டிஓடியை அதிலேயே போட்டுவிடுங்கள், எல்லா சாதனத்துக்கும் சேர்த்து. டிவியில் மட்டும் கவனம். சில ஸ்மார்ட் டிவிகள் ரவுட்டர் சொல்வதைக் கேட்காமல் தமக்குள் பதித்து வைத்த டிஎன்எஸ்ஸையே கேட்கும். ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை ரவுட்டருக்கே திருப்பும் விதி ஒன்று எழுத வேண்டும். ஆமாம், நிறுவனம் நமக்குச் செய்த அதே வேலையை நாம் டிவிக்குச் செய்கிறோம்.

டிவியைச் சும்மா நினைக்காதீர்கள். 1.1 கோடி டிவிகளில் என்ன ஓடுகிறது என்று நொடிக்கு நொடி திரட்டியதற்காக 2017-ல் விசியோ என்ற டிவி நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டியது.

கணக்குப்பிள்ளை (பதிவு 22)

இதற்கிடையில் காகித வேலையும் நடக்கட்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாடு என்றால், என்னைப்பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை அநேகமாக இருக்கும். ஐரோப்பாவில் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018-லிருந்து அதைக் கொடுத்திருக்கிறது. போன் செய்யாதீர்கள், கொள்கையின் அடியில் இருக்கும் தனியுரிமை அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். மூன்றே கேள்வி: எந்தத் தரவு, யாருக்கு, நிறுத்துவது எப்படி. கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். தேதியைக் குறித்து வையுங்கள்.

கீழ்வானம் (பதிவு 23)

மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை.

சொந்த ரவுட்டர் வைத்தாயிற்று. தம்பிதான் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றினான், ஒரு முறை பெட்டியை உயிரில்லாமல் ஆக்கிவிட்டுப் பிறகு மீட்டான். டிஓடி ஓடுகிறது. 192.0.2.1 சோதனையில் இப்போது பதில் வருகிறதுதான், ஆனால் அது எங்கள் ரவுட்டரே திருப்பி விடுவது என்று தம்பி விளக்கிப் புரியவைத்தான். நிறுவனச் செயலியில் "இணைந்த சாதனங்கள்: 1". இதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! விபிஎன்னை எப்போதும் போடுவதில்லை. மருத்துவ விஷயம் தேடும்போது மட்டும், கட்டணச் சேவை, ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கினேன்.

கணக்குப்பிள்ளை சார், மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. எந்தத் தரவு, யாருக்கு என்பதற்கு மழுப்பல்தான். மூன்றாவது கேள்விக்கு மட்டும் உருப்படியான பதில்: கணக்குப் பக்கத்தில் "சலுகைகள்" என்பதற்குள், "தனிப்பயன் அனுபவம்" என்பதற்குள், கடைசியில் ஒரு சின்னப் பொத்தான். நான் தொடாமலே ஆன்ல இருந்தது. அணைத்துவிட்டேன்.

சுண்டெலி (பதிவு 24)

எங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படியே இருக்கிறது, ஆனால் "சலுகைகள்" இல்லை, "அறிவிப்புகள்" என்பதற்குள். தற்செயலாகத்தான் பார்த்தேன்.

பழைய_மோடம் (பதிவு 25)

தற்செயலாக, சரி.

இருவருமே ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வையுங்கள். ஒவ்வொரு கொள்கை மாற்றத்துக்குப் பிறகும் போய்ப் பாருங்கள். என்னுடையது இரண்டு முறை தானாகவே ஆன் ஆகியிருந்தது.